விஷப்பாம்பு இருக்கிற இடம் வேறு, ஆள் சாகிற இடம் வேறு

செத்த வீட்டு முற்றத்திலோ கோயில் வீதியிலோ நாலு பேர் கூடியிருக்கும்போது பாம்புக் கதை தொடங்கினால் அது இலேசில் முடியாது. அவுஸ்திரேலியாவில் இருந்து வந்தவர் உலகத்திலேயே பொல்லாத பாம்பு தங்கள் நாட்டில்தான் என்பார். ஊரில் இருப்பவர் எங்கள் வளவுச் சுருட்டையை விடவா என்று கேட்பார். மூலையில் இருக்கிற ஒரு அப்பு, நாகம் பழி வாங்கிய கதையை எடுப்பார். லண்டன்காரர் அங்கே பாம்பே இல்லை என்று முடித்து வைப்பார். அவுஸ்திரேலியாக்காரர் சொன்னது ஒரு கணக்கில் சரி, அப்புவின் கதை முழுப் புளுகு, லண்டன்காரர் சொன்னது பிழை. சுருட்டையின் கதை கொஞ்சம் சிக்கலானது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பேச்சுகளில் எல்லாம் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. விஷப்பாம்பு எந்த நாட்டில் இருக்கிறது என்பது ஒன்று. பாம்பு கடித்து எந்த நாட்டில் ஆட்கள் சாகிறார்கள் என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே விடைதான் என்று கன பேர் நினைக்கிறார்கள். ஒரு உலகப் படத்தில் முதலாவதுக்கும் இன்னொன்றில் இரண்டாவதுக்கும் நிறம் தீட்டிப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒத்துப் போகாது. ஏன் ஒத்துப் போகாது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அதற்கு முன் விஷம் என்பது என்ன, உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பது விளங்க வேண்டும்.

விஷம் பாம்புக்கு எதற்கு

பாம்பின் விஷம் ஒரு விதமான எச்சில்தான். வாயில் எச்சில் ஊறுகிற சுரப்பி காலப்போக்கில் மாறி விஷம் ஊறுகிற சுரப்பியாகியிருக்கிறது. அதில் இருப்பவை பெரும்பாலும் புரதங்கள். கையும் இல்லை, காலும் இல்லை, மெல்லுவதற்குப் பல்லும் இல்லை, ஆனால் ஓடுகிற எலியைப் பிடித்து முழுசாக விழுங்க வேண்டும் என்றால் அதை ஒரே கடியில் விழுத்த ஏதாவது வேண்டும். விஷம் அதற்குத்தான். மனிதரைக் கொன்று அதற்கு ஒரு பிரயோசனமும் இல்லை, எங்களை அதால் விழுங்க முடியாது. எங்களைக் கடிப்பது பயத்தில்.

இதனால் ஒரு வேடிக்கையான விளைவு இருக்கிறது. பயத்தில் கடிக்கிற பாம்பு எல்லா நேரமும் விஷத்தை இறக்குவதில்லை. பல் பதிந்திருக்கும், ஆனால் விஷம் உள்ளே போயிருக்காது. இதை வெறுங்கடி என்று வைத்துக்கொள்வோம். அதோடு, கடிக்கிற பாம்புகளில் பெரும்பங்கு விஷமே இல்லாதவை. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: விஷக்கல் வைத்தாலும், மந்திரித்தாலும், ஒன்றுமே செய்யாமல் கட்டிலில் கிடந்தாலும் கடிபட்டவர்களில் ஒரு பெரிய பங்கு பிழைத்துத்தான் இருப்பார்கள். பிறகு அந்தப் பெயர் கல்லுக்கும் மந்திரத்துக்கும் போய்விடும். உண்மையாகவே விஷம் ஏறின ஆளுக்கு அந்தக் கல் செய்கிற ஒரே வேலை, வைத்தியசாலைக்குப் போகிற நேரத்தைத் தின்பதுதான்.

உலகத்தில் ஏறக்குறைய 4,000 வகைப் பாம்புகள் இருக்கின்றன. அவற்றில் 600 அளவில் விஷமுள்ளவை. அவற்றிலும் மனிதரைக் கொல்லவோ கை காலை முடமாக்கவோ கூடியவை 200 அளவுதான். இந்த விஷப்பாம்புகளைப் பல்லை வைத்துப் பிரிப்பது வசதி. நச்சுப்பல் என்பது விஷத்தை இறக்குவதற்கென்று துளையோ பள்ளமோ உள்ள பல்.

நாகக் குடும்பத்தில் அந்தப் பல் வாயின் முன்பக்கம் இருக்கும், சிறியது, மடங்காது. நாகம், கட்டுவிரியன் (பெயர் எப்படியிருந்தாலும் இது நாகத்தின் சொந்தம்தான்), ஆபிரிக்காவின் மாம்பா, அவுஸ்திரேலியாவின் தைப்பான், கடல்பாம்பு எல்லாம் இதில் வரும். விரியன் குடும்பத்தில் பல் நீளம், வாயை மூடும்போது மேல் அண்ணத்தோடு மடித்து வைத்துக்கொள்ளும். ஆபிரிக்காவின் காபூன் விரியனுக்கு அது 5 சென்ரிமீற்றர் வரை வரும். எங்கள் புடையனும் சுருட்டையும், அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்பும் இந்தப் பக்கத்துக்காரர். மூன்றாவது கூட்டத்துக்குப் பல் வாயின் பின்பக்கம் இருக்கும். எங்கள் வேலியில் தொங்குகிற பச்சைப் பாம்பு இதில் ஒன்று, அது கண்ணைக் கொத்தும் என்பார்கள், அது வீண் பயம், அதன் விஷம் ஓணானுக்குத்தான் காணும்.

ஆனால் பின்பல் என்றாலே ஆபத்தில்லை என்றும் நினைக்கக் கூடாது. கார்ல் ஷ்மிட் என்ற அமெரிக்கப் பாம்பு நிபுணர் 1957 இல் சிக்காகோவில் ஒரு இளம் பூம்ஸ்லாங் பாம்பைக் கையாளும்போது பெருவிரலில் கடி வாங்கினார். ஆபிரிக்காவின் அந்தப் பின்பல் பாம்பு சிறியது, ஒன்றும் செய்யாது என்று நினைத்து, தன் உடம்பில் வருகிற மாற்றங்களைக் குறிப்பெடுத்துக்கொண்டே வீட்டில் இருந்தார். அடுத்த நாள் இறந்துவிட்டார். நிபுணருக்கே அந்த நிலை.

இன்னொன்று. தலை முக்கோணமாக இருந்தால் விஷப்பாம்பு, உருண்டையாக இருந்தால் இல்லை என்று ஒரு கணக்கு ஊரில் ஓடுகிறது. விரியனுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் தலை உருண்டைதான். இந்தக் கணக்கை நம்பிக் கட்டுவிரியனைக் கையில் தூக்கினால் கதை முடிந்தது.

உடம்புக்குள் போனால் என்ன நடக்கிறது

தோட்டத்துக்கு இறைக்கிற ஒரு காலையை நினைத்துப் பாருங்கள். கிணற்றடியில் மெசின் ஓடுகிறது, வாய்க்காலால் தண்ணீர் வருகிறது, ஒருவர் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறுகிறார். எங்கேயாவது வரம்பு உடைத்தால் இரண்டு வெட்டு மண் எடுத்து அடைப்பார். மெசினில் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் கிணற்றடிக்குக் குரல் கொடுப்பார். இந்த ஒழுங்கைக் குழப்ப மூன்று வழி இருக்கிறது. கொடுக்கிற குரல் கிணற்றடிக்குப் போய்ச் சேராமல் செய்யலாம். உடைப்பே இல்லாத இடத்தில் எல்லாம் மண்ணை அள்ளிக் கொட்ட வைத்து, உண்மையான உடைப்பு வரும்போது கையில் மண் இல்லாமல் செய்யலாம். இல்லையென்றால் வரம்பையே கரைத்துவிடலாம். பாம்பு விஷம் செய்வது இந்த மூன்றில் ஒன்று, சில பாம்புகளில் இரண்டோ மூன்றோ சேர்த்து.

முதலாவது, குரல் போகாமல் செய்வது. இதைச் செய்கிற விஷத்துக்கு நரம்புநஞ்சு என்று பெயர். கையை அசை என்று மூளை சொன்னால் அந்தச் சேதி நரம்பு வழியாக வந்து, நரம்பின் நுனியில் ஒரு இரசாயனத்தைக் கசிய விடுகிறது, தசை அதை வாங்கிச் சுருங்குகிறது. நாகத்தின் விஷம் தசை அதை வாங்குகிற இடத்தைப் போய் அடைத்துவிடும். கட்டுவிரியனின் முக்கியமான நஞ்சு ஒருபடி மேலே போய், சேதி அனுப்புகிற நரம்பு நுனியையே சிதைத்துவிடும். முதலில் கண் இமை சரியும், பிறகு பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு விடுகிற தசையும் நிற்கும்.

இங்கே ஒரு விசயத்தைக் கவனமாகச் சொல்ல வேண்டும். இந்த விஷம் தாக்குவது தசைக்குப் போகிற சேதியை, மூளையை இல்லை. கண் மூடி, கை கால் அசையாமல், பதில் சொல்லாமல் கிடக்கிற ஆள் உள்ளுக்குள் முழு நினைவோடு இருக்கக்கூடும். கட்டிலைச் சுற்றி நின்று இனிப் பிழைக்க மாட்டார் என்று நாங்கள் பேசுவது எல்லாம் அவருக்குக் கேட்கும். செயற்கைச் சுவாச மெசினில் போட்டு நாட்கணக்காக வைத்திருந்தால், சிதைந்த நரம்பு நுனி தானாக வளர்ந்து, எழும்பி வீட்டுக்குப் போவார். அதனால் கட்டுவிரியன் கடிக்கு மருந்தை விட மூச்சு மெசினும் அதைப் பார்த்துக்கொள்கிற தாதியும்தான் பல நேரம் உயிரைக் காப்பாற்றுகிறார்கள்.

இரண்டாவது, மண்ணை வீணாக்குவது. இதற்குக் குருதிநஞ்சு என்று பெயர். காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு உடம்பில் சில புரதங்கள் தயாராக இருக்கின்றன. புடையனின் விஷம் அந்த உறைதல் வேலையைக் காயமே இல்லாத இடத்தில் எல்லாம் தொடக்கிவிடும். உறையப் பண்ணுகிற விஷம் எப்படி இரத்தம் ஓட வைக்கும் என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: இருப்பில் இருந்த புரதம் எல்லாம் கொஞ்ச நேரத்தில் செலவாகிப் போகும், அதற்குப் பிறகு முரசாலும் சிறுநீராலும் இரத்தம் போகத் தொடங்கினால் நிறுத்த ஒன்றும் இருக்காது. சிறுநீரகமும் பழுதாகலாம். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ள புடையன் இதோடு நிற்காமல் கண் இமையையும் சரிய வைக்கும், இரண்டு வேலையும் அதற்குத் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கிற சோதனை மிக எளிது. கடிபட்டவரிடம் கொஞ்சம் இரத்தம் எடுத்து, துப்புரவான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருப்பார்கள். பிறகு குழாயைச் சரிப்பார்கள். இரத்தம் கட்டியாகி அசையாமல் நின்றால் அந்த நேரத்துக்குப் பயமில்லை. தண்ணீராக ஓடினால் விஷம் வேலை செய்கிறது. பிளாஸ்ரிக் குழாய் சரிவராது, சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவின குழாயும் பிழையான விடை தரும். பெரிய ஆய்வுகூடம் இல்லாத கிராமத்து வைத்தியசாலையிலும் இதைச் செய்யலாம். ஒருமுறை சரியாக வந்தாலும் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள், சும்மா மறித்து வைத்திருக்கிறார்கள் என்று வைத்தியரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

மூன்றாவது, வரம்பைக் கரைப்பது. கடித்த இடத்துத் தோலும் சதையும் அழுகுவது இந்த வகை, எங்கள் நாகம் கடித்தாலும் இது நடக்கும். கடல்பாம்பின் விஷம் உடம்பு முழுக்க உள்ள தசையைக் கரைக்கும், சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: விஷம் என்பது இரை பிடிக்க உதவுகிற எச்சில். அது நரம்பின் சேதியை மறிக்கும், இரத்தம் உறைகிற சக்தியை வீணாக்கும், அல்லது சதையைக் கரைக்கும். எந்தப் பாம்பு எதைச் செய்யும் என்பது வகைக்கு வகை வேறு.

முதலாவது படம்: எங்கே எது இருக்கிறது

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது, வெயிலிலும் நிலத்திலும் இருந்து எடுக்க வேண்டும். அதனால் வெப்ப நாடுகளில் அதிகம், குளிர் கூடக் கூடக் குறைவு, அந்தாட்டிக்காவில் ஒன்றும் இல்லை. இரண்டாவது காரணம் நிலத்தின் பழங்கதை. எந்தத் தரை எப்போது எதோடு ஒட்டியிருந்தது, கடல் எப்போது பிரித்தது என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் குடும்பம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதும். அயர்லாந்து, ஐஸ்லாந்து, நியூசிலாந்து மூன்றிலும் தரையில் வாழும் பாம்பு சொந்தமாக ஒன்றுமே இல்லை.

எங்கள் சொந்தக்காரர் இருக்கிற நாடுகளை வைத்தே ஒரு சுற்றுப் போவோம், அப்படித்தான் எங்களுக்கு உலகப் படம் மனதில் நிற்கும்.

லண்டனில் இருந்து கொஞ்சம் வெளியே புல்வெளிப் பக்கம் போனால் அடர் என்ற விரியன் இருக்கிறது. பிரித்தானியாவின் ஒரே விஷப்பாம்பு அது. அதன் கடியால் அங்கே கடைசியாக ஒருவர் இறந்தது 1975 இல். இதே பாம்புதான் நோர்வேயிலும் டென்மார்க்கிலும். நோர்வேயில் வடதுருவ வட்டத்தையும் தாண்டி வாழ்கிறது. அவ்வளவு குளிரில் முட்டை போட்டால் பொரிக்காது, அதனால் தாய் முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்து, வெயில் கிடைக்கிற நேரமெல்லாம் காய்ந்து, குட்டியாகப் போடுகிறது. மாரி முழுக்க நிலத்துக்குக் கீழே உறக்கம். பிரான்சிலும் சுவிசிலும் அடரோடு அஸ்ப் என்ற இன்னொரு விரியனும் உண்டு.

கனடாவில் எங்கள் ஆட்கள் அதிகம் இருக்கிற ஒன்ராறியோவில் விஷப்பாம்பு ஒன்றே ஒன்றுதான், மசசோகா என்ற சிறிய கிலுகிலுப்பைப் பாம்பு. கோடையில் ஜோர்ஜியன் பே பக்கம் கூடாரம் அடிக்கப் போகிறவர்கள் அதைக் காணலாம். அது அழிந்து போகிற நிலையில் சட்டப் பாதுகாப்பில் இருக்கிற பாம்பு, தடி எடுத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். அமெரிக்காக் கண்டம் முழுக்க விஷப்பாம்பு என்றால் பெரும்பாலும் குழி விரியன்கள்தான்: கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கும், அதால் எலியின் உடம்புச் சூட்டை இருட்டிலும் உணரும். மத்திய, தென் அமெரிக்காவில் ஈட்டித்தலை விரியன்கள் தோட்டக்காரர்களை அதிகம் கடிக்கின்றன.

வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் மணலில் புதைந்து கிடக்கிற கொம்பு விரியனைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆபிரிக்காவில் மாம்பா, துப்புகிற நாகம், பஃப் அடர் என்று பட்டியல் நீளம், ஆனால் மேற்கு ஆபிரிக்காவில் அதிகம் பேரைக் கொல்வது எங்கள் சுருட்டையின் நெருங்கிய சொந்தக்காரன்.

அவுஸ்திரேலியா தனிக் கதை. அங்கே விரியனே இல்லை. அந்தக் கண்டம் தனியாகக் கடலில் கிடந்ததால் விரியன்கள் போய்ச் சேரவில்லை, நாகக் குடும்பம் மட்டும் போய்ச் சேர்ந்து ஆள் இல்லாத காணியில் பரவுகிற மாதிரிப் பரவி விதம் விதமாகப் பெருகிவிட்டது.

கடலில் போனால், இந்து சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் கடல்பாம்பு நிறைய. அத்திலாந்திக்கில் ஒன்றுகூட இல்லை. ஆபிரிக்காவின் தென்முனையில் ஓடுகிற குளிர்ந்த நீரைத் தாண்ட அவற்றால் முடியவில்லை, மறுபக்கம் பனாமாத் தரை குறுக்கே நிற்கிறது.

கடலைத் தாண்டின ஒரு பாம்பும் இருக்கிறது, விஷமில்லாதது. எங்கள் பூச்சாடி மண்ணுக்குள் மண்புழு என்று நினைத்துப் பேசாமல் விடுகிற புழுப்பாம்பு, செடிகளோடு கப்பலேறி ஹவாய் வரைக்கும் போய்விட்டது. அதில் ஆண் தேவையில்லை, பெண் தனியே குஞ்சு பொரிக்கும், அதனால் ஒன்று போய்ச் சேர்ந்தாலே குடும்பம் தொடங்கிவிடும்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில்

கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் இந்தியாவும் இலங்கையும் தரையால் ஒட்டியிருந்தன, பாக்கு நீரிணை அவ்வளவு ஆழமில்லாத கடல். அதனால்தான் தமிழ்நாட்டில் அதிகம் ஆட்களைக் கடிக்கிற நாலும் இங்கேயும் இருக்கின்றன: நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை. ராஜநாகம் இலங்கையில் இல்லை, அதைக் கண்டேன் என்று சொல்கிறவர் பெரிய சாரையைக் கண்டிருப்பார். தெற்கிலும் மலைநாட்டிலும் அதிகம் கடிக்கிற, சிங்களத்தில் குணகட்டுவா என்கிற மூக்கு நிமிர்ந்த சிறிய விரியனை எங்கள் பக்கத்தில் அதிகம் பேருக்குத் தெரியாது.

சுருட்டை வறண்ட மணல் நிலத்துப் பாம்பு. மன்னார், யாழ்ப்பாணம் போன்ற கரையோரங்களில் இருக்கும், தென்னிலங்கையில் பெரும்பாலான இடங்களில் இதைக் காண முடியாது. ஒரு அடி, சில நேரம் கொஞ்சம் கூட. பனைமட்டையும் ஊமலும் அடுக்கின விறகுக் கொட்டில், கல் குவியல், வருசக்கணக்காக ஆள் இல்லாமல் கிடந்து இப்போது துப்புரவாக்குகிற வளவு, இவை அதன் இடங்கள். கோபம் வந்தால் உடம்பை வளையம் வளையமாகச் சுருட்டி ஒன்றோடொன்று உரசும், செதிலில் உள்ள அரம் போன்ற விளிம்பு சர்சர் என்று சத்தம் போடும். தலையில் வெளிறின அம்புக்குறி மாதிரி ஒரு அடையாளம். ஆபிரிக்காவிலும் வட இந்தியாவிலும் இந்தக் கூட்டம் பொல்லாதது, ஆனால் யாழ்ப்பாணத்துச் சுருட்டை கடித்தவர்களை வைத்தியர்கள் தொடர்ந்து பார்த்ததில் பெரும்பாலும் இலேசாகவே போயிருக்கிறது. வீக்கம், நோ, இரத்தம் உறையாமை வரும், சரியான மருத்துவத்தோடு ஆள் எழும்பிவிடுவார். இதற்காகச் சுருட்டை கடித்தால் வீட்டில் இருக்கலாம் என்று அர்த்தம் எடுக்க வேண்டாம்.

புடையன் வயல் பாம்பு. அரிவி வெட்டு நேரம், பொழுதுபட்ட பிறகு வரம்பில் நடக்கிறவர்கள்தான் அதிகம் மிதிக்கிறார்கள். முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்டங்கள், குக்கர் விசில் வருகிற மாதிரிச் சீறும். சின்ன வெங்கிணாந்தி என்று நினைத்துத் தூக்கப் போய்க் கடி வாங்கினவர்கள் உண்டு.

என்னைக் கேட்டால் எங்கள் ஊரில் பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. கறுப்பு, மினுமினுப்பு, மெல்லிய வெள்ளைக் கோடுகள். பகலில் சோம்பிக் கிடக்கும், இரவில் எலியையும் மற்றப் பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். நிலத்தில் பாய் போட்டுப் படுக்கிறவர் புரளும்போது கடிக்கும். நோகாது, வீங்காது, பல் பதிந்த அடையாளமும் தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்று வலியோடு எழும்புவார், வாயு என்று இஞ்சித் தேத்தண்ணி கொடுப்பார்கள், ஏழு மணிக்குக் கண் இமை திறக்காது. வீட்டுச் சுவரில் ஏறிப் பல்லி பிடிக்கிற, இதே மாதிரிக் கோடு போட்ட விஷமில்லாத பாம்பும் ஒன்று இருப்பதால் கண்டவர்களும் ஏமாந்து போவார்கள்.

நாகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நயினாதீவும் நாகர்கோவிலும் இருக்கிற ஊரில் அதை அடிக்கக் கை கூசும், அது நல்லதுதான். பால் வைக்கிறது உங்கள் பக்தி, அதன் சாப்பாடு எலியும் தவளையும். அதற்கு முகத்தை நினைவில் வைத்துப் பழி வாங்குகிற மூளை கிடையாது.

வலை இழுக்கிறவர்களுக்குக் கடல்பாம்பைத் தெரியும். வால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருந்தால் அதுதான். வலையில் இருந்து மீன் தெரிக்கும்போதுதான் கடி விழுகிறது.

இரண்டாவது படம்: எங்கே சாகிறார்கள்

இனி அவுஸ்திரேலியாக்காரரின் கதைக்கு வருவோம். பாம்பு விஷத்தின் வீரியத்தை ஆய்வுகூடத்தில் அளப்பது எலியை வைத்து: ஊசி போட்ட எலிகளில் பாதி சாவதற்கு எவ்வளவு விஷம் வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்த எலிக் கணக்கில் முதலிடம் அவுஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தைப்பானுக்கு. ஆனால் அது வாழ்வது ஆள் நடமாட்டமே இல்லாத வறண்ட நடுப்பகுதியில், பயந்த சுபாவம், அதன் கடியால் ஒருவரும் செத்ததாகப் பதிவு இல்லை. அந்த நாடு முழுக்க எல்லாப் பாம்பாலும் வருசத்துக்குச் சாகிறவர்கள் சராசரியாக இரண்டு பேர் அளவில்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 இலட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், வருசத்துக்கு 58,000. இலங்கையில் 2012–13 இல் வீடு வீடாகப் போய்க் கேட்ட கணக்கெடுப்பின்படி வருசத்துக்கு 80,000 பேர் வரை கடிபடுகிறார்கள், 30,000 பேருக்கு விஷம் ஏறுகிறது, நானூறுக்கு மேல் சாகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் உலகம் முழுக்க வருசத்துக்கு 81,000 முதல் 138,000 வரை சாவு. அவர்கள் 2017 இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் முன்வரிசையில் சேர்த்தார்கள்.

இரண்டு படமும் ஒத்துப் போகாததற்குக் காரணம், சாவைத் தீர்மானிப்பது விஷத்தின் வீரியம் மட்டும் இல்லை என்பதுதான். செருப்பில்லாமல் வயலுக்குள் இறங்குகிறவர் எத்தனை பேர், நிலத்தில் படுக்கிறவர் எத்தனை பேர், எலி பெருகுகிற நெல்லு மூட்டை வீட்டுக்குள்ளா வெளியேயா, வைத்தியசாலை எத்தனை கட்டை தூரம், போனால் அங்கே மருந்தும் மூச்சு மெசினும் இருக்கிறதா. மெல்பேர்ணில் மெசினோடு புல்லு வெட்டுகிறவருக்கும் கிளிநொச்சியில் குனிந்து களை பிடுங்குகிறவருக்கும் பாம்பு ஒரே மாதிரிக் கடித்தாலும் முடிவு ஒன்றாக இருக்காது.

சுருக்கினால்: பாம்பு எங்கே என்பதை வெப்பமும் நிலத்தின் பழங்கதையும் முடிவு செய்கின்றன. சாவு எங்கே என்பதைத் தொழிலும் வறுமையும் வைத்தியசாலையின் தூரமும் முடிவு செய்கின்றன.

மருந்து ஏன் எல்லாப் பாம்புக்கும் ஒன்றாக இல்லை

அன்டிவெனம் என்று வைத்தியசாலையில் சொல்வது விஷத்தை முறிக்கிற ஊசி மருந்து. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாம்பு விஷம் ஏற்றுவார்கள். அதன் உடம்பு அந்த விஷத்தைப் பிடித்து அடக்குகிற எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கும். குதிரையின் இரத்தத்தில் இருந்து அவற்றைப் பிரித்து எடுத்தால் அதுதான் மருந்து. 1890களில் அல்பேர்ட் கல்மெற் என்ற பிரெஞ்சு வைத்தியர் நாக விஷத்துக்கு இதைச் செய்து காட்டினார். அதே மருந்து பிரேசிலின் பாம்புகளுக்கு வேலை செய்யாது என்று அங்கே வித்தல் பிரசீல் என்ற வைத்தியர் கண்டுபிடித்தார். அந்தந்தப் பாம்புக்கு அந்தந்த விஷத்தில் செய்த மருந்து வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

எங்கள் வைத்தியசாலைகளில் உள்ளது இந்தியாவில் செய்தது, மேலே சொன்ன நாலு பாம்புக்கும் சேர்த்து. அதற்கான விஷத்தின் பெரும்பகுதி மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து போகிறது. பாம்புத்தோல் வியாபாரம் சட்டத்தால் நின்ற பிறகு 1978 இல் தொடங்கின சங்கம் அது. பாம்பைப் பிடித்து, சில கிழமை வைத்து விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள்.

ஆனால் தமிழ்நாட்டுப் புடையனின் விஷமும் இலங்கைப் புடையனின் விஷமும் நூற்றுக்கு நூறு ஒன்றில்லை. அதனால் இங்கே மருந்து கூடுதலாகத் தேவைப்படும், பத்து இருபது குப்பி ஏற்றுவதும் நடக்கும். குணகட்டுவாவுக்கும் கடல்பாம்புக்கும் அது வேலை செய்யாது. குதிரைப் புரதம் என்பதால் ஒவ்வாமையும் சாதாரணமாக வரும், அதனால்தான் கடிபட்ட எல்லாருக்கும் உடனே ஏற்றுவதில்லை. விஷம் ஏறியிருக்கிறது என்று உறுதியான பிறகுதான் ஏற்றுவார்கள், ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் அட்ரினலின் கொடுப்பார்கள். அந்த ஊசி பெரிய ஒவ்வாமைகளைக் குறைக்கும் என்பது இலங்கையில் நடந்த ஆய்வில்தான் உறுதியானது.

ஆபிரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். பல பாம்புகளுக்குச் சேர்த்து வேலை செய்த ஒரு மருந்தை, இலாபம் இல்லையென்று 2014 இல் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி நிறுத்தியது, கடைசித் தொகுதி 2016 இல் காலாவதியானது. வாங்குகிறவர்கள் ஏழை விவசாயிகள் என்றால் சந்தை அப்படித்தான் நடக்கும்.

கடித்தால், கடிக்காமல் இருக்க

வெட்டக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கயிறு கட்டக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் மட்டை வைத்துக் கட்டுகிற மாதிரிக் கை காலை அசையாமல் வைத்து, ஆளை நடக்க விடாமல் வாகனத்தில் ஏற்றுங்கள். 1990 இற்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது, தேவையில்லை. வெட்டுப்பட்ட தலையும் கொஞ்ச நேரம் கடிக்கும். போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். விஷகடி வைத்தியரிடம் கட்டாயம் போகத்தான் வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் நின்றால், வைத்தியசாலையில் இருந்து துண்டு வெட்டின பிறகு கூட்டிக்கொண்டு போங்கள்.

இரவில் வளவுக்குள் இறங்கினால் ரோச் லைற், வயலுக்குப் போனால் பூட்ஸ். விறகு எடுக்கும்போது முதலில் தடியால் தட்டிவிட்டு எடுங்கள். கட்டுவிரியனுக்கு மிகச் சிறந்த தடுப்பு கட்டில், கட்டில் இல்லையென்றால் நுளம்புவலை. நேபாளத்தில் 2007 இல் வெளிவந்த ஒரு ஆய்வில் வலைக்குள் படுத்தவர்களுக்குப் பாம்புக்கடி தெளிவாகக் குறைந்திருந்தது. கோடை விடுமுறைக்கு வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆசைக்கு விறாந்தையில் பாய் போட்டுப் படுப்பார்கள். படுக்கட்டும், வலையின் விளிம்பைப் பாய்க்குக் கீழே சுற்றிவரச் செருகிவிடுங்கள், சும்மா தொங்கவிட்டால் நுளம்பும் வரும், மற்றதும் வரும்.